கடல் குதிரைத் தொட்டிக்கு நான் கொண்டுபோன கூடுதுறைத் தண்ணீர்

காங்கேயத்துச் சொந்தமெல்லாம் மீன்காரி என்று கேலி பேசிய என் அருமை அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ வேலை பார்த்த கடல் ஆய்வுக்கூடத்தில் இப்போது கடல் தண்ணீர் ஓடுகிறது. லாரியில் வந்து இறங்குகிற தண்ணீர் இல்லை. கடலுக்குள் நீளமாகக் குழாய் போட்டு, மணலில் வடிகட்டி, தொட்டி தொட்டியாக இரவும் பகலும் ஓடுகிற தண்ணீர். இதற்காக நீ எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாய்?

உன் மகள் தாமரை அதே கூடத்தில் சேர்ந்து, நீ விட்ட இடத்திலிருந்து கடல் குதிரைக் குஞ்சுகளை வளர்க்கிறாள். உன் கதைதான் அவளுக்கும். குஞ்சுகள் சில நாள் நீந்தும், பிறகு ஒவ்வொன்றாக அடியில் கிடக்கும். லாரித் தண்ணீர் வழியிலேயே சூடேறிக் கெட்டுப்போகிறது என்று நீ சொன்னதையே அவளும் சொன்னாள். குழாய் வேலை முடிகிற சமயம் போனில் கூப்பிட்டாள். "புதுத் தண்ணியிலயும் பொழைக்கலைன்னா எனக்கு இந்த வேலையே வேண்டாங்க சித்தி. பீளமேட்டுல ஏதாச்சும் கம்பெனியில சேர்ந்துக்கறேன்."

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் ஓடவிடும் நாளுக்கு உன் வீட்டுக்காரரான மாமாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நம் தோட்டத்தில் புது மோட்டார் போட்டால் என்ன செய்வோம்? பொட்டு வைத்து, பவானி ஆறும் காவேரியும் சேரும் கூடுதுறைத் தண்ணீரில் மஞ்சள் கலந்து கிணற்றில் விட்ட பிறகுதானே சுவிட்சைத் தொடுவோம். பவானிக்குப் போய் ஒரு சொம்பு பிடித்துவந்து, வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனேன். உன் அஸ்தியைக் கரைத்த தண்ணீர் அல்லவா அக்கா? அன்றைக்கு நீயும் அங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வடிகட்டித் தொட்டிக்கு மேலே நின்று, முருகா என்று சொம்பைச் சாய்க்கப் போனேன். தாமரை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்திப்போடாதீங்க சித்தி. என்னதுங்க அது?"

"கூடுதுறைத் தண்ணி கண்ணு. மஞ்சள் போட்டிருக்குது. கிருமியெல்லாம் செத்துப்போகும்."

"அந்தக் கிருமிதானுங்க இங்க தண்ணிய சுத்தம் பண்ணுது. அதை வளர்த்தறதுக்குத்தான் இத்தனை நாளாப் பாடுபட்டேன்."

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்க சித்தி சாமியவே குளிச்சுப்போட்டு வாங்கன்னு சொல்ற ஆளு. கடலை மட்டும் சும்மா விடுவாளா?"

நான் சிரிக்கவில்லை. உன்னைக் கரைத்த தண்ணீர் என்று மட்டும் சொன்னேன். தாமரை சொம்பை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "காவேரியோட கலந்து அம்மா எப்பவோ இங்க வந்து சேர்ந்திருப்பாங்க சித்தி. நீங்க பஸ்ஸுல தூக்கிட்டு வரணுங்களா?"

மூவரும் கரைக்குப் போய் அதை ஓர் அலையில் விட்டோம். மாமா குனிந்து காலிச் சொம்பை அலையில் அலசினார். மோட்டார் அறைக் கதவுக்குப் பொட்டு வைத்துக்கொள்ள மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது.

சுவிட்சைப் போட்டதும் குழாய் இருமியது. முதலில் மணலும் நுரையும், பிறகு கண்ணாடி மாதிரி தண்ணீர். மோட்டார் நம் கோயம்புத்தூரில் செய்தது. இதை மாமா அங்கிருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வாசல் காவலாளியிடமும் போய்ச் சொன்னார். கடல் குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் சுமந்து பெறும் என்று தாமரை காட்டியபோது என் பக்கம் திரும்பி, "இதைக் காங்கேயத்துல போய்ச் சொல்லிப்போடாத அம்மணி. எங்களையும் சுமக்கச் சொல்லிப்போடுவாங்க" என்றார். நீ இருந்திருந்தால் அவரை என்ன சொல்லி வாயடைத்திருப்பாய்?

நாங்கள் திரும்பிய பிறகுதான் அந்த ஆண் குதிரை பெற்றது. தினமும் விளக்கேற்றிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை கந்த சஷ்டி கவசம் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"பிடிச்சுக்கிச்சுங்க சித்தி. வாலை வெச்சுக் கடல் புல்லைப் பிடிச்சுக்கிச்சு."

மிதக்கிற நாளைத் தாண்டிப் பிழைத்த குஞ்சுதானே புல்லைப் பிடிக்கும், உன் குஞ்சுகள் ஒன்றுகூட அந்த இடத்தை எட்டியதில்லையே அக்கா. எனக்கோ கணக்குப் பார்க்கிற புத்தி. எத்தனை தங்கியது என்றுதான் முதலில் கேட்டேன்.

"எண்ண முடியலைங்க. ஒண்ணு மேல ஒண்ணு தொங்குது."

வரவு எண்ண முடியாமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. பீளமேட்டுப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று இனி அவளைக் கேட்க மாட்டேன். பார்க்கத் தோன்றினால் நானே பஸ் ஏறுவேன். சாப்பாட்டை மறந்து அவள் தொட்டியருகே நின்றால், தட்டில் போட்டு அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை குஞ்சுகளை நான் பார்த்துக்கொள்வேன்.

உனக்குப் பின் பிறந்து, உன் மகளுக்குச் சித்தியான,
உன் தங்கை