மெத்தைக் கடைச் சோம்பேறி

மார்ச் 3
கடையில் இரட்டை மெத்தை ஒன்றை மாடிக்குத் தூக்கினோம். பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இவன் மெத்தைக் கடைக்கு வந்ததே தூங்கத்தான் என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய சோம்பேறிப் பட்டம். இனி என்ன வருத்தம்?

மார்ச் 9
மனைவி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். என்னை அதிகம் கிண்டல் செய்பவளே அவள்தான்.
"ஊர்க்கதை எல்லாம் பேசறவரு, மாடி ஏறறப்ப மட்டும் வாயே தொறக்கறதில்ல டாக்டர். இது சோம்பல் இல்ல."
இத்தனை வருஷத்தில் எனக்கே தோன்றவில்லையே இது. இவள் இல்லாவிட்டால் என் கதி?

மார்ச் 14
ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று பிறவியிலேயே இடம் மாறிக் கிளம்பியிருக்கிறதாம். இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ஓடினாலோ பாரம் தூக்கினாலோ நசுங்கி, இதயத்துக்கு ரத்தம் குறைந்துவிடும். ஒருநாள் நின்றும் போகலாம். ஆபரேஷன்தான் வழி.
பயம். ஆனால் — வெட்கமாக இருக்கிறது — சந்தோஷமும். நான் சோம்பேறி இல்லை.

அதே நாள், மாலை
எங்கள் மகளும் இப்படித்தான் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாளே. அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்று நாங்கள்தானே சிரித்தோம்? ஐயோ.

மார்ச் 16
பெரும்பாலும் பரம்பரையாக வராது என்கிறார் டாக்டர். பெரும்பாலும்! எதற்கும் மகளையும் பார்த்துவிடலாம் என்றார். குழந்தைகள் டாக்டர் அடுத்த மாதம்தான் வருவாராம்.

மார்ச் 22
நாளை எனக்கு ஆபரேஷன். என்னைப் பற்றிய கவலையே இல்லை. குழந்தைகள் டாக்டர் பார்க்கும்வரை ஓடக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். "நான் எப்பப்பா ஓடினேன்?" என்கிறாள்.

ஏப்ரல் 2
பிழைத்துவிட்டேன். இருமினால்தான் தையலில் உயிர் போகிறது. அப்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தலையணை வேண்டுமென்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு, கடையிலேயே உசத்தியானதை முதலாளி கொண்டுவந்தார். தலையணையை என் பக்கத்தில் வைத்துத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

ஏப்ரல் 17
மகளுக்கு எக்கோ, இதயத்துக்கான ஸ்கேன். திரையில் டாக்டர் விரலை வைத்துக் காட்டினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில். தாராளமாக ஓடலாம், குதிக்கலாம் என்றார். வெளியே வந்ததும் மனைவி அழுதாள். நான் முன்னாலேயே ஆரம்பித்திருந்தேன்.

மே 30
இன்று வீட்டு மாடிப்படி முழுவதும் ஏறினேன், நிற்காமல். நெஞ்சு வலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மகள் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறாள்.
"எழுந்து வாடி, சோம்பேறி" என்றேன்.
அந்த வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.