வாசலுக்கு வச்ச வாழை

பாப்பாவுக்கு,

அம்மா நல்லா இருக்கா. ஆத்துல தண்ணி போகுது. நீ கேக்கலை, இருந்தாலும் வயல் விவரம் எழுதுதேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பேசி முடிச்ச கையோட, ஏரல்ல இருந்து திசு வளர்ப்புக் கன்னு வாங்கி வச்சேன்ல, அது அத்தனையும் ஒண்ணுபோலக் குலை தள்ளிட்டு. எல்லாம் ஒரே தாயோட துணுக்குல இருந்து எடுத்ததாம். கல்யாண வாசல்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குலை நிக்கணும்னுதான் அதை வச்சது. நம்ம பழைய வாழை மூட்டுல முளைச்ச கன்னுன்னா ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும்.

ருசிதான் இல்லை. குலை பெருசா வரணும்னு பாத்து எடுத்த தாய் போல. வாய்க்கா ஓரத்துல விட்டு வச்ச பழைய மூட்டுல நேத்து ஒரு பழம் தின்னேன். அந்த மணம் இதுக்கு வரவே வராது. ஒனக்கும் அதுதானே பிடிக்கும்.

எல்லாம் ஒரே சமயத்துல வெட்டுக்கு வந்ததுல ஓஞ்சு போனேன். நீ போனதுல இருந்து அம்மா வயலுக்கு வாரதில்லை. அடிச்ச கல்யாணப் பத்திரிகை யாருக்கும் கொடுக்காம பரண்ல கெடக்கு.

வாசலுக்குன்னு பாத்து வச்ச ரெண்டு வாழையை மட்டும் வெட்டலை. சாயாம முட்டுக் கொடுத்திருக்கேன். சுடலைமணி அவன் மக கல்யாணத்துக்குக் கேட்டு வந்தான். "இன்னும் வெளையலை லே"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அணில் கடிக்க ஆரம்பிச்சுட்டு.

நீங்க ரெண்டு பேரும் இருக்க வீட்டுல வாசல் எவ்வளவு அகலம்னு அம்மா கேக்கா.

அப்பா