பால்காரர் மாடும் சவுதி காரும்

பெரம்பலூர் வட்டம், லப்பைக்குடிக்காடு வழி
21.4.86

அன்பு மகன் காசிநாதனுக்கு அம்மா செங்கமலம் சொல்ல, தங்கை வேம்பு எழுதுவது. இங்கே நான், அப்பா, வேம்பு மூவரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதில் பாதியைத்தான் நான் நம்பினேன், மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். (அண்ணே, இப்படி அடைப்புக்குள் வருவது நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கண் கூர்மை, இந்த வளைந்த கோடு எதற்கடி என்று கேட்டாள். அரபு நாட்டுக்குப் போகும் கடிதத்தில் பிறை போட்டால்தான் தபாலில் வாங்குவார்கள் என்றேன். நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டாள்.)

ஊரில் மழை இல்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தால் என் முகம் தெரியவில்லை, பாறைதான் தெரிகிறது. ரேடியோவில் தினமும் ஓரிரு இடங்களில் மழை பெய்யும் என்கிறார்கள், அந்த ஓரிரு என்கிற ஊர் எங்கே இருக்கிறது, அதற்கு மட்டும் ஏன் நாள் தவறாமல் பெய்கிறது, அங்கே எந்த மந்திரிக்கு நிலம் இருக்கிறது என்று உன் அப்பாவைக் கேட்டேன், அவர் ரேடியோவை அணைத்துவிட்டார். போன மாதம் குடிக்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் டெக் வைத்து வீடியோவில் படம் காட்டினார்கள், வேம்பு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கதை போகட்டும், அந்தப் பெண் பாட்டுக்குப் பாட்டு கொட்டுகிற மழையில் நனைகிறாள், பாட்டு முடிந்ததும் மழையும் நின்றுவிடுகிறது. நம் பங்கு மழையெல்லாம் எங்கே போகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. (பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாமார்கள் எல்லாம் கதாநாயகிக்காக அழுதார்கள். நம் அம்மா மட்டும் வீணாய்ப் போகிற தண்ணீருக்காக அழுதாள்.)

வால் நட்சத்திரம் வருகிறது, பார்க்காவிட்டால் இன்னொரு முறை பார்க்க ஆயுசு போதாது என்று பேப்பரில் போட்டார்களாம். உன் அப்பாவுக்கு அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கு, விடியுமுன் எல்லோரையும் எழுப்பி ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் பார்த்த மட்டும் வாலும் இல்லை நட்சத்திரமும் இல்லை, வாலு ஒன்று பாவாடை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றது, அதைப் பார்க்க ஏரிக்கரை வரை போக வேண்டியதில்லை. (அப்பா மட்டும் பார்த்துவிட்டார். தூரத்தில் மில் புகைபோக்கியின் உச்சியில் எரிகிற விளக்கை நான்தான் அதோ என்று காட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இப்போது டீக்கடையில் அவர்தான் வால் நட்சத்திர நிபுணர், அவிழ்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.) அதே பேப்பரில் அரபு நாட்டில் எண்ணெய் விலை இறங்கிப்போச்சு என்றும் படித்துக்கொண்டு வந்தார். செட்டியார் கடையில் போய்க் கேட்டால் நல்லெண்ணெய் ஏறித்தான் இருக்கிறது, அதனால் பேப்பர்க்காரன் சொல்வது பொய் என்று முடிவு கட்டினேன். அது வேற எண்ணெய் என்று வேம்பு விளக்கினாள். அப்படியானால் அந்த எண்ணெயை நம்பிப் போன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவார்களா, நீ அதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லையே, ஏன் எழுதவில்லை.

எனக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம் என்று நீங்கள் அப்பாவும் பிள்ளைகளும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். நீ அனுப்பிய போட்டோவை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறாய், பார்க்க ராசா மாதிரிதான் இருக்கிறது, உன் அப்பா ஊர் முழுக்கக் காட்டிவிட்டார். நான் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சட்டையில் கடைக்காரன் போட்ட மடிப்புக்கூடக் கலையவில்லை, காலருக்கடியில் அவன் குத்திய குண்டூசி இன்னும் மின்னுகிறது. கம்பெனியில் சூப்பர்வைசர், ஏசி ரூம் என்றெல்லாம் எழுதினாய். ஏசி ரூமில் உட்காருகிறவன் முகம் அடுப்பில் சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஆகுமா. கை இரண்டையும் எதற்குப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறாய். (அண்ணே, ஊசி இருப்பது நிஜம். நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காசி அனுப்பும் காசில் கலப்படம் இல்லை, போட்டோவில்தான் இருக்கிறது.)

இருக்கட்டும், முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். உன் அரியமுத்து மாமா அந்தப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாடாலூரில் உனக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறான். பெண்ணின் அப்பா ராசாங்கம், ரோட்டோரம் டீக்கடை, கொஞ்சம் மேட்டு நிலம், அம்மா குஞ்சம்மாள், ஒரே பெண் சாந்தா. பங்குனியில் போய்ப் பார்த்தோம். வாசலுக்குப் பக்கத்தில் கொட்டகை, அதில் இரண்டு கறவை மாடு, மடி தரையைத் தொடுகிறது. பார்த்தீங்களா அக்கா மாட்டையும் மனையையும், என்று மாமன் என் விலாவில் இடித்தான். நானும் பார்த்தேன். குஞ்சம்மாள் வைக்கோல் வைக்கப் போனால் இரண்டும் பின்வாங்குகின்றன, அவளும் பயந்து வைக்கோலை எட்ட நின்று எறிகிறாள். ரோட்டில் எவனாவது சைக்கிள் மணி அடித்தால் மட்டும் இரண்டு மாடும் காதைத் தூக்கிக்கொண்டு கத்துகின்றன. லாரி போனது, பஸ் போனது, திரும்பக்கூட இல்லை. மாட்டுக்குச் சைக்கிளில் என்ன உறவு என்று யோசித்தேன், புரிந்துபோனது. சைக்கிளில் கேன் கட்டிப் பால் ஊற்றுகிற யாருடைய மாட்டையோ பெண் பார்க்கிற அன்றைக்குக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். (மாடு பார்க்கப் போனவர்கள் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தார்கள் என்றுதான் நான் ஊரில் சொன்னேன். அதற்கு முதுகில் ஒன்று வாங்கினேன்.)

வாயைத் திறக்கவில்லை நான். ஏன் என்றால் அன்றைக்கு என் கழுத்தில் கிடந்த சங்கிலி அடுத்த வீட்டுப் பெரியம்மாளுடையது, போகும்போது மாமன்தான் வாங்கிப் போடச் சொன்னான். அது வழியெல்லாம் அரித்துக்கொண்டே இருந்தது. காப்பி குடித்த டம்ளரைக் கழுவப் பின்பக்கம் போனேன், அந்தப் பெண் வந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், அந்த மாடு எங்களுது இல்லீங்க அத்தை, பால்காரரு வூட்டு மாடு, பொழுது சாஞ்சா ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு, அதப் பாத்துட்டு சரின்னு சொல்லிப்புடாதீங்க, அப்பாதான் ஆசப்பட்டுக் கட்டுனாங்க. அடுத்தபடி அவள் கேட்டாள், அவங்க அங்க என்ன வேலை பாக்குறாங்க. சூப்பர்வைசர் என்றேன். எதைங்க அத்தை மேற்பார்வை பாக்குறாங்க என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காசிநாதா, பெற்றவளுக்குப் பதில் தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்தேன், பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அபுசாலி பாய் லீவில் வந்து நீ கொடுத்தனுப்பிய சாமான்களைக் கொண்டுவந்தார். சேலை எனக்கு, செண்ட் வேம்புக்கு, டார்ச் அப்பாவுக்கு. எல்லாம் கொடுத்துவிட்டு எழுந்தவர் வாசற்படியில் நின்று, அக்கா, மறந்துட்டேன், காசி ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாப்ல, ஆட்டுக்கு வயிறு உப்பிக்கிட்டா நம்மூர்ல என்ன கொடுப்பீங்கன்னு கேட்டான், என்றார். ஏன் பாய், கம்பெனியில் ஆடு இருக்கா என்றேன். அவர் விட்டத்தைப் பார்த்தார், துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார், கூட்டாளி யாருக்கோ கேட்டான் போலிருக்கு என்றார். கூட்டாளிக்கு எத்தனை ஆடு என்றேன். அல்லா காப்பாத்துவான் அக்கா, நல்லாத்தான் இருக்கான், மத்தத அவனே சொல்லுவான், என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். (ஆட்டுக்கு வயிறு உப்பியது, அம்மாவுக்கு முகம் உப்பிவிட்டது. அண்ணே, நீ படித்தது வயரிங். ஆட்டில் எந்த வயரைப் பிடித்து இழுப்பாய்?)

இனிமேல் நான் சொல்வதற்குள் பிறையும் போடாதே, குறையும் சொல்லாதே என்று வேம்புவிடம் சொல்லிவிட்டேன், அவளும் சரி என்றாள். முதலில் ஆட்டு வைத்தியம், பாய் திரும்பி வரும்வரை அந்த வாயில்லாச் சீவன் தாங்காது. ஓமத்தையும் பெருங்காயத்தையும் பொடித்து நல்லெண்ணெயில் கலந்து, தலையை அதிகம் அண்ணாத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டு, புரை ஏறிவிடக் கூடாது. படுக்க விடாதே, மெதுவாக நடத்து. ஈரத் தழையைப் பசியோடு தின்றால்தான் உப்பும், காய்ந்ததை முதலில் போடு. இது உன் கூட்டாளிக்கு.

உனக்குச் சொல்வது இது. நான் பெரியம்மாளிடம் சங்கிலியைக் கொடுத்துவிட்டு, மாமனுக்கும் சொல்லாமல் தனியாகப் பாடாலூர் போனேன். சொல்லாமல் போனதால் கொட்டகையில் மாடு இல்லை, டீக்கடை விறகு அடுக்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ராசாங்கம் ஒரு பையனிடம் பால்காரரைக் கூட்டிவா என்று கண்ணால் சாடை காட்டினார். மாடு வேண்டாங்க, உட்காருங்க என்றேன். அவர் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கும் தைரியம் வந்தது. என் கழுத்தில் அன்றைக்குக் கிடந்தது இரவல், போட்டோவில் என் மகன் சாய்ந்து நிற்கிற காரும் இரவலாகத்தான் இருக்கும், அவன் அங்கே ஆடு மேய்க்கிறான் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, என்று மூன்று பேர் முன்னாலும் சொன்னேன். குஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ராசாங்கம், கடைக்கு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சூப்பர்வைசர் மாப்பிள்ளைன்னு சொல்லிட்டேனேம்மா, என்றார், கோபமாகக்கூட இல்லை, உடைந்துபோய்ச் சொன்னார். ஜெயங்கொண்டம் பக்கமிருந்தும் ஒரு வரன் வந்திருக்கிறதாம், அவர்கள் அவசரப்படுத்துகிறார்களாம்.

அந்தப் பெண்தான் பேசினாள். ஆடு மேச்சா மேய்க்கட்டுங்க அத்தை, நான் டீ கிளாஸ் கழுவுறேன், அதுல என்ன இருக்கு, சூப்பர்வைசர்னு சொன்னாங்கள்ல, அதுதான் எனக்கு யோசனையா இருக்கு, நாளைக்கு அங்க காய்ச்சலா கிடந்தாலும் நல்லாருக்கேன்னுதான எழுதுவாங்க, நான் இங்க எத நம்பிக்கிட்டு இருக்கறது, என்றாள். அப்பாவைப் பார்த்து, அவங்க கையால என்ன வேலைன்னு எழுதி வரட்டும், அதுவரைக்கும் ஜெயங்கொண்டத்துக்குப் பதில் சொல்லாதீங்க, வரலன்னா உங்க இஷ்டம், என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ராசாங்கம் வைகாசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். உன் மாமன் என்னோடு பேசுவதில்லை, கூடி வந்த காரியத்தைக் கலைத்துவிட்டேனாம்.

அதனால் நீ எழுது. மாமனுக்கு எழுதாதே, அப்பாவுக்கும் வேண்டாம், எனக்கு எழுது, நான் வேம்புவை வைத்துப் படித்துவிட்டு அப்படியே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிறேன். ஆடு மேய்க்கிறாய் என்றால் ஆடு மேய்க்கிறேன் என்று எழுது. உன் அப்பா பேப்பர் செய்தியை நம்புவார், புகைபோக்கியைக் கும்பிடுவார், ஆனால் ஊரார் ஆட்டை மேய்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன் என்று சொல்ல அவருக்கு ஒருநாளும் நாக்குக் கூசியதில்லை. ஏஜெண்டு ஒன்று சொல்லி அங்கே வேறொன்றில் தள்ளிவிட்டார்களா, பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டாரா, சாப்பாடு ஒழுங்காகக் கொடுக்கிறார்களா, ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். தாங்க முடியாவிட்டால் வந்துவிடு, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், சேர்ந்து நாமும் சிரிப்போம். பெண் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என் மகன் என்ன செய்கிறான் என்று இனி எவள் கேட்டாலும் நான் பஸ் வந்துவிட்டது என்று எழுந்து ஓடக் கூடாது.

நம் குலசாமி உன்னைக் கண்போலக் காக்கட்டும், உன்னோடு இருக்கிற சீவன்களும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், அவைதான் இப்போது உனக்குத் துணை. வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் நிற்கிற வேலையோ நிழலில் உட்காருகிற வேலையோ, தலையில் துண்டை நனைத்துக் கட்டிக்கொள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அம்மா செங்கமலம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)