வேண்டாம் என்று சொல்லலாம்

மார்ச் 4, திங்கள்

இன்று கம்பெனி வீட்டை விட்டுப் போயிற்று. அதாவது எங்கள் சாப்பாட்டு மேசையை விட்டு, பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே ஒரு வாடகை அறைக்கு. இரண்டு ஜன்னல், தண்ணீர் வராத ஒரு குழாய். இத்தனை வருஷமாக "என் மேசையில ஒரு தட்டு வைக்க இடமில்ல" என்று புலம்பிய என் கணவர், மத்தியானம் காலி மேசை முன்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்கிறார். இந்த மனிதரைத் திருப்திப்படுத்த யாராலும் ஆகாது.

பாப்பா படியேற்றிய முதல் சாமான் அவளுடைய மர ஸ்டூல். கம்ப்யூட்டரெல்லாம் பிறகுதான். பாப்பா என் நாத்தனார். நாற்பத்தாறு வயதாகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான்.

மார்ச் 7

கீழே பல் டாக்டர் கேட்டார்: "நீங்க என்ன கம்பெனிம்மா?"

எப்போதும் போலத் திணறினேன். தெருக்களைச் சுற்றிக் காட்டும் கம்பெனி. ஆனால் கோட்டையும் அருங்காட்சியகமும் அல்ல. சைக்கிள் ரிப்பேர்க்காரர், தையல் மெஷின் ஓடும் மாடி, ஞாயிற்றுக்கிழமை பூட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்யும் கிழவர், இவர்களை. அந்தத் தெருக்காரர்களே காட்டுவார்கள், வருமானத்தில் பெரும்பங்கு தெருவுக்கு. என்ன சொல்வது என்று எழுதிக் கொடுத்துப் பழக்குவது மட்டும் நாங்கள்.

"அப்புறம் அந்த ஸ்டூல் எதுக்கு?" என்றார். அது வாசிப்புக்கு. ஒரு தெருவைச் சுற்றிப் பார்க்கத் திறப்பதற்கு முன்னால், அதைப் பற்றி எழுதியதை அந்தத் தெருவிலேயே ஒரு மாலை, பாப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்று சத்தமாக வாசிப்பாள். யார் வேண்டுமானாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்னால் அந்த வரி போய்விடும். ஏன் என்று கேட்கக் கூடாது. இது பாப்பா வைத்த சட்டம்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "என் பேஷன்ட்ஸும் இந்த வசதி வேணும்னு கேப்பாங்க" என்றார்.

மார்ச் 8

புது அறை முழுக்கக் கிராம்பு வாசனை. எல்லோருக்கும் பல் வலிப்பதுபோலவே இருக்கிறது.

மார்ச் 13, புதன்

பெரிய டிராவல் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு. எங்களோடு சேர்ந்து பன்னிரண்டு தெருக்கள் திறக்க வேண்டுமாம். பன்னிரண்டு! எங்களிடம் இருப்பதே ஐந்து. தலைகால் புரியவில்லை.

இது ஆரம்பித்த நாளை நினைத்துக்கொண்டேன். பாப்பா கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டியோடு வந்து எங்கள் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த காலம். நானும் அப்போது வீட்டில்தான் இருந்தேன், எங்கள் இன்ஷூரன்ஸ் கிளையை மூடியிருந்தார்கள், அது வேறு கதை. தினம் சாயங்காலம் அவளைத் தெருவில் ஒரு சுற்று இழுத்துக்கொண்டு போவேன். போகிற வழியில் பேச்சுக் கொடுத்த மனிதர்கள்தான் எங்கள் முதல் தெரு. அவள் எழுந்து உட்கார வேண்டுமே என்று ஆரம்பித்ததுதான் இந்தக் கம்பெனி. அவளிடம் இதை நான் சொன்னதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

மார்ச் 22

டிராவல் கம்பெனி மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சட்டென்று மறுத்துவிடலாம். வாசிப்புதான் அவருக்கு இடிக்கிறது. ஒரு தெருவுக்கு மாதக்கணக்கில் ஆகிறது, அத்தனை பேரும் சேர்ந்து வரும் மாலை கிடைப்பதில்லை. "எழுதினதைப் போன்ல அனுப்புங்க, படிச்சுட்டு ஓகே போடட்டும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது எனக்கு.

பாப்பா: "கண்ணால படிச்சா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க காதுல விழும்போதுதான், ஐயோ இதுவான்னு தோணும்."

"ஒரே ஒரு தெரு அப்படிச் செஞ்சு பாக்கலாம் பாப்பா."

"நீங்க முதலாளி. செய்யுங்க."

முதலாளியாம்! இருபது வருஷமாக அண்ணி, இன்றைக்கு முதலாளி.

ஏப்ரல் 2

ரொட்டிக்கடைத் தெரு திறந்தாயிற்று. வாசிப்பு இல்லாமல். போனில் அத்தனை பேரும் ஓகே போட்டார்கள். எழுதியது புதிதாகச் சேர்ந்திருக்கும் பத்திரிகைக்காரர். மனிதருக்குப் பேனாவைத் திறந்தாலே கண்ணீர் கொட்டும். கூட்டம் நன்றாக வருகிறது. மேனேஜர் பூங்கொத்து அனுப்பினார். பாப்பா அதைக் குழாயடியில் வைத்தாள், தண்ணீர் வராத குழாய்.

ஏப்ரல் 11, வியாழன்

சுற்றிப் பார்க்கிறவர்கள் வரும் நேரம் பார்த்து ரொட்டிக்கடை அம்மா ஷட்டரை இறக்கிவிடுகிறாராம். மூன்றாவது முறை. என்ன என்று போன் போட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, அடுப்பு வேலை" என்று வைத்துவிட்டார்.

பாப்பாவிடம் சொன்னேன். துணியை எடுத்து ஸ்டூலைத் துடைக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 16

ஸ்டூல் வீட்டுக்கு வந்துவிட்டது. பின்னறையில், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில். அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர்.

நூலகத்தில் வேலைக்குக் கேட்டிருக்கிறாளாம். "வாசிக்காத தெருவுக்கு எதுக்கு வாசிக்கிறவ?" இதை என்னிடம் சொல்லவில்லை. அவள் அண்ணனிடம் சொன்னாள், நான் அடுப்படியில் கேட்கும்படி. இரண்டு நாளாக இந்த வீட்டில் எல்லாச் சேதியும் அவர் வழியாகத்தான். "உங்க தங்கைகிட்ட சொல்லுங்க, டீ ஆறுது." "உங்க பெண்டாட்டிகிட்ட சொல்லுங்க, ஆறட்டும்." பாவம், தபால்காரர் மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இல்லாமல் பன்னிரண்டு தெரு எனக்கு எதற்கு? யாருக்காக இதைச் செய்கிறேன்? ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமை கையெழுத்து போட வேண்டும். அவள் போய்விட்டால்... போய்விடுவாள், அவளை எனக்குத் தெரியாதா? சொன்னால் செய்கிற ஜாதி.

ஏப்ரல் 18

காலையில் இவரிடம், வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன்: "இன்னைக்குச் சாயங்காலம் ரொட்டிக்கடைத் தெருவுல நானே வாசிக்கப் போறேன்." பின்னறைக் கதவு சாத்தியே இருந்தது.

போனேன். ஸ்டூல் இல்லை. ரொட்டி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துக் கொடுத்தார்கள். ஏறினால் ஆடுகிறது. என் குரல் அதைவிட ஆடியது. பாப்பா வாசித்தால் பாட்டுப் போல இருக்கும், நான் வாசித்தது பாலிசி நிபந்தனைகளை வாசிப்பதுபோலத்தான் இருந்தது. சலவைக்காரர் ஒரு வரியை வேண்டாம் என்றார், எடுத்தோம். பிறகு ரொட்டிக்கடை வந்தது. "கணவர் கைவிட்டுச் சென்றபின், கண்ணீரையே தண்ணீராக்கி மாவு பிசைந்து இந்தக் கடையை எழுப்பினார்." வாசிக்கும்போதே எனக்குக் காது சுட்டது. தெருவே அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"வேண்டாம்" என்றார் அவர்.

சரி என்று வரியை அடித்தேன். ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்கவில்லை. அவராகவே முன்னால் வந்தார்.

"அவர் போனது ஊருக்கே தெரியும்மா, அது இருந்துட்டுப் போகட்டும். ஆனா அவர் போனதால கடை வரல. கல்யாணத்துக்கு முன்னாடியே இது என் கடை. அவர் வந்தாரு, போனாரு, கடை இங்கயேதான் இருக்கு. இத கேட்டுட்டு வர்றவங்க ரொட்டி வாங்கிட்டு என் கையைப் புடிச்சுக்கறாங்க. எனக்கு ஏன் இந்த வேதனை? அந்தக் கண்ணீரும் வேண்டாம். மாவுல உப்பு நான் அளந்துதான் போடறேன்."

தெரு சிரித்தது. பத்திரிகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் எனக்குப் பழகிய சிரிப்பு. பார்த்தால் பாப்பா. கையில் ஸ்டூல்.

"எறங்குங்க அண்ணி, விழுந்து வெச்சிடப் போறீங்க."

மீதியை அவள் வாசித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஸ்டூல் என் மடியில்.

ஏப்ரல் 19, வெள்ளி

மேனேஜரிடம் சொன்னேன்: வாசிப்பு இல்லாமல் ஒரு தெருவும் திறக்க மாட்டோம், அதை ஒப்பந்தத்திலேயே போட வேண்டும். நடந்ததையும் சொன்னேன். பன்னிரண்டு நாலாயிற்று. "நாலைச் செஞ்சு காட்டுங்க, மிச்சத்தைப் பாத்துக்கலாம்." கையெழுத்து போட்டேன். பக்கத்தில் பாப்பாவும் போட்டாள். நூலகம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 6

ரொட்டிக்கடை ஷட்டர் இப்போது திறந்தே இருக்கிறது. "என் கடை, நானே கட்டியது" என்று மாற்றி எழுதிய இடம் வரும்போது அந்த அம்மாவே வெளியில் வந்து நிற்கிறாராம்.

ஜூன் 9, ஞாயிறு

எங்களைப் பற்றியே ஒரு பக்கம் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். பத்திரிகைக்காரர் என்னிடம் பேசி எழுதிக் கொடுத்தார். எனக்குப் பிடித்திருந்தது, அனுப்பிவிடலாம் என்றேன்.

"அதெப்படி?" என்றாள் பாப்பா. "வாசிக்கணும்ல?"

அதனால் எங்கள் சாப்பாட்டு மேசையில் வாசிப்பு. கூட்டம் மூன்றே பேர். ஸ்டூல் மேல் நான். "கல்யாண வாழ்க்கை உடைந்து வந்து நின்ற நாத்தனார் மீண்டும் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே அண்ணி தொடங்கியது இந்த நிறுவனம்."

"வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொண்டாளோ? ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை. ஆனால் முகத்தில் கேட்டிருப்பேன்போல.

"எனக்காகன்னு போடாதீங்க அண்ணி. எனக்கு அப்ப நல்லாப் படுத்துத் தூங்கணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான். நீங்கதான் ஆபீஸ் மூடினதுலேந்து ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தீங்க. ஒரு வாரம் தலை வாரல. அண்ணன் வந்து என்கிட்ட அழுதாரு. உங்களை எழுப்பறதுக்குத்தான் நான் ஆரம்பிச்சேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தண்ணீர் டம்ளரை மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழல," என்றார். "கண்ணுல தூசி."

எத்தனை வருஷம்! நான் அவளைச் சுமந்தேன் என்று நானும், தான் என்னைச் சுமந்ததாக அவளும் நினைத்துக்கொண்டு, இருவரும் வாயைத் திறக்காமல். சிரித்தேன், பிறகு அழுதேன், ஸ்டூலிலிருந்து இறங்கி அவளைக் கட்டிக்கொண்டேன். வரியை அடித்துவிட்டு, "ஒரு சாப்பாட்டு மேசையில் தொடங்கியது" என்று மட்டும் போட்டோம். அதற்கு இவர் வேண்டாம் என்றார். மேசை அவருடையதாம், பெயர் போடவில்லையாம். சட்டப்படி அந்த வரியையும் எடுத்தோம்.

சாயங்காலம் பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்க அண்ணி, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

அந்த முதல் நாளும் வாசலில் நின்று கூப்பிட்டது அவள்தான். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.