லேமினேட் செய்த விண்ணப்பம்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். நீ மாணவர் சங்கத் தலைவியான செய்தியைப் பணிமனையில் யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், காலை டீ வருவதற்குள் டயர் பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்காதே. அம்மா என்னைவிட மோசம், ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உன் பெருமையைப் பேசி ஒரு டாக்டர் கோட்டில் தடம் விழவைத்திருக்கிறாள். சின்ன வயதில் உன் வாயை அடக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா, இப்போது அந்த வாய்க்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகளின் பெற்றோர் கூச்சமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கல்லூரி வாசலிலேயே ஓர் உதவி மேசை வேண்டும் என்று நீ கேட்டதற்கு, எல்லாம் விண்ணப்பத்திலேயே தெளிவாக இருக்கிறது என்று முதல்வர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். வருகிற வியாழக்கிழமைக் கூட்டத்தில் நம் கதையைச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும், உங்க பேரைச் சொல்லாம சொல்லட்டுமாப்பா, வேணாம்னா விட்டுடறேன் என்றும் கேட்டிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் தட்டிப் பார்த்து நட்டு சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் இங்கே ஒரு பஸ் வெளியே போகும். அப்படிப்பட்டவன், உன் விடுதி விண்ணப்பம் கசங்கக் கூடாது, முக்கியமான காகிதம் என்று எழுதுவதற்கு முன்பே லேமினேட் செய்து வைத்த கதையை ஊருக்கெல்லாம் சொல்வதா என்று கோபம்கூட வந்தது. கடைக்காரர் அப்போதே, அண்ணே ஒண்ணும் எழுதலயே, போட்டுடவா என்று கேட்டார், நான்தான் நீ போடுப்பா என்று அதட்டினேன். அதனால் விடுதியில் இடம் கிடைக்கும்வரை நீ மூன்று வாரம் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் படுத்து, இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனாய். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே இரண்டு நாள் வைத்திருந்தேன். அம்மாதான், அவ உங்களைக் கேலி பண்ணவா கேக்கறா, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானே கேக்கறா என்று ஒரு பிடி பிடித்தாள்.

அதற்கும் நான் அசையவில்லை. மூன்றாம் நாள் பஸ் கழுவும் அக்கா டயர் பிரிவு வாசலில் வந்து நின்றாள். அவள் மகளுக்கும் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விண்ணப்பம் வந்து ஒன்பது நாளாகிறது, துணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். தப்பா எழுதிட்டா சீட்டே போயிடுமோன்னு பயமா இருக்குண்ணே, யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல என்றாள். கடைசித் தேதி மறுநாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என்னையறியாமல் லேமினேட் கதையை அவளிடம் சொல்லிவிட்டேன், வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஈரக் கையோடு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு டயர் மேல் அட்டையைப் போட்டு, டைம் கீப்பரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். புரியாத ஓர் இடத்துக்கு உனக்குப் போன் போட்டு, யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேனே, அது இதற்குத்தான். மறுநாள் மகளும் தாயும் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அதனால் கதையைத் தாராளமாகச் சொல். பெயர் சொல்லாமல் சொல்கிறேன் என்றாயே, அது மட்டும் வேண்டாம், என் அப்பா என்றே சொல். கூட்டத்தில் குரலை உயர்த்தாதே, ஆனால் விட்டும் கொடுக்காதே. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, இது அம்மா எழுதச் சொன்னது. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, எடுத்த காரியம் நல்லபடியாக முடியும்.

லேமினேட் செய்த அந்த விண்ணப்பத்தை நான் தூக்கிப் போடவில்லை, பீரோவில்தான் இருந்தது, ஒரு சுருக்கம்கூட இல்லை. இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தெளிவாகத்தானே இருக்கிறது என்று முதல்வர் மறுபடியும் சொன்னால், இதை அவர் கையில் கொடுத்து, ஒரு பேனாவையும் கொடுத்து, நிரப்பிக் காட்டச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
டயர் பிரிவு