ஒற்றைச் சிறகுக் காகம்

சட்டன், லண்டன்
12.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலியை உடனே எடுத்துவிடும்படி வெஸ்ட் ஈலிங் அம்மனுக்குக் கட்டளையிட்டிருக்கிறேன். இனி நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் சஞ்சயன் கண்மூடி எட்டு மாதம். அவனுடைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஸ்மால்டாக் என்றொரு நிரல் உலகம் இருக்கிறது. அதை நான் கரைத்துக் குடித்துவிட்டேன். என்னிடம் சந்தேகம் கேட்க எஞ்சினியர்கள் தேம்ஸ் நதிவரை வரிசையில் நிற்கிறார்கள்!

திறந்தால், கடைசியாகச் சேமித்தபடியே எல்லாம் வரும். உங்கள் மகன் பாதியில் விட்ட காகம் திரையில் ஒற்றைச் சிறகோடு நிற்கும். மற்றச் சிறகை நான் செய்து பறக்கவிடுவேன். அது அரண்மனைக்குப் போய் மகாராணியின் அப்பளத்தைத் திருடிவரும். மூடும்போது, சேமிக்கவா என்று கேட்கும். சேமித்தால் அவன் விட்டுப்போன திரை அழிந்துவிடும்.

மேல்வீட்டுத் துளசி சிரிக்கிறாள். "அங்கிள், ஒவ்வொரு நாளும் முதலிலயிருந்து செய்யிறியளே! ஓம் எண்டு அமத்துங்கோவன்."

"எனக்கு மறதி, பிள்ளை."

கூழ் காய்ச்ச ஒடியல் மா கொஞ்சம் அனுப்புங்கள். விரதச் சோற்றுக்கு இங்கே காகம் வருவதில்லை, புறாதான் வருகிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அக்கா, எஞ்சினியர்களும் அப்பளமும் பொய். நாள்தோறும் 'இல்லை' என்று அமத்துகிறேனே, அது மட்டும் உண்மை.

உங்கள் தம்பி,
குலசேகரம்