மூன்றாம் பாகம் அச்சில் வராது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம், நீ நலம்தானே? அம்மாவுக்கு மூச்சிரைப்பு கூடியிருக்கிறது. படியேற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் கீழே உன் அறைக்கு மாற்றிவிட்டேன். உன் கட்டிலில்தான் படுக்கிறாள். "அவன் வர்ற அன்னிக்குக் காலி பண்ணிக் குடுத்துடுவேன்" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிடுகிறாள்.

உனக்கு ஒரு கெட்ட செய்தி. எங்கள் பதிப்பகம் போடுகிற சாகசக் கதையாட்டப் புத்தகத்தின் மூன்றாம் பாகம் அச்சில் வராது. கணினிக் கோப்பாக மட்டும்தான். வேண்டியவர்கள் பணம் கட்டி இறக்கித் திரையில் படித்துக்கொள்ளலாம். இரண்டாம் பாகம் விற்காமல் பெட்டி பெட்டியாகக் கழிப்பறைக் கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அலுவலகத்தில் முடிவு செய்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அறையில் வாய்விட்டுப் படித்தது என் தப்பு. கூட இருக்கிற தையல்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். இரண்டாம் பாகம் எங்கே முடிந்தது என்று உனக்கே தெரியும். என்னோடு ஆடுகிற மூன்று பேரும் கதையில் கோட்டைக் கதவைத் தட்டிவிட்டு ஐந்து மாதமாக நிற்கிறார்கள். ஆட்டத்தில் தையல்காரருக்கு வைத்தியர் வேஷம், ஒருவரையும் சாக விடமாட்டார். லாரிக்காரருக்கு ராணி வேஷம், எல்லாரையும் அதட்டுகிறார். கதை சொல்ல வேண்டிய நான் கையில் புத்தகம் இல்லாமல் திருதிருவென்று விழிக்கிறேன்.

சிறையில் திரைக்கு எங்கே போவேன்? நீ வீட்டில் அச்சடித்த உதிரித் தாளையும் உள்ளே விடமாட்டார்கள். பதிப்பகத்திலிருந்து நேராக, தைத்த புத்தகமாக, முத்திரையோடு வர வேண்டும். ஆட்டத்தில் ஜெயிப்பதா தோற்பதா என்று பார்க்க உருட்டுகிற பகடையைக்கூடச் சூதாட்டம் என்று பிடுங்கிவிட்டார்கள். ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டில் எழுதிக் குவளையில் போட்டுக் குலுக்குகிறோம். பத்துப் பிரதியாவது போடச் சொல்லிப் பார்.

முன்விடுதலை விசாரணை ஏப்ரல் 28. அம்மாவிடம் சொல்லிவிடு. கட்டில் அவளுக்கே இருக்கட்டும், எனக்குத் தரை போதும்.

தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டேன். உனக்கென்று ஆரம்பித்தால் ஊருக்கெல்லாம் போட வேண்டும் என்றுவிட்டார் மேலாளர். அதனால் வேறு வழி பார்த்துவிட்டேன். ஒரு கடிதத்தோடு கூடுதலாக இரண்டு தாள் வைக்க அனுமதி உண்டல்லவா? அறுபது பக்கத்தையும் கையால் எழுதி அனுப்புகிறேன். இத்தோடு முதல் நான்கு பக்கம். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

தேதியைச் சொன்னதிலிருந்து அம்மா இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறாள். "அவன் வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் சீக்கிரம் வந்தால் நல்லது என்றார்.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

கதவு திறந்துவிட்டது! லாரிக்காரர் அழுதார், வெளியே சொல்லிவிடாதே. தபால் பிரிக்கிற அதிகாரிகூட, அடுத்த தாள் எப்போது வரும் என்று என்னிடம் கேட்கிறார்.

ஆனால் உள்ளே போனதிலிருந்து ஒரே சண்டை. கிழக்கு வாசல் எது, படி எந்தப் பக்கம் என்று நீ எழுதியதை வைத்துப் பிடிபடவில்லை. ராணி இரண்டு முறை சமையலறைச் சுவரில் முட்டிக்கொண்டார்.

நன்னடத்தைச் சான்று நல்லபடியாக வந்திருக்கிறது. இந்த முறை விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்.

தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

இனி ராணி முட்டிக்கொள்ள வேண்டாம். கோட்டையின் முழு வரைபடம் இத்துடன். அச்சில் வந்திருந்தால் பதினெட்டாம் பக்கத்தில் இருந்திருக்கும். சுரங்கவழியைப் புள்ளிக்கோடாகவும், காவலாளிகள் எந்த வாசலில் எத்தனை மணிக்கு மாறுகிறார்கள் என்பதைச் சிவப்பிலும் போட்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்தது. எனக்கே பெருமையாக இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

உன் வரைபடம் வந்த அன்று, வழக்கமாகத் தபால் பிரிப்பவர் விடுப்பு. புதியவர் பிரித்தார்.

விசாரணைக் குழுவில் மூன்று அதிகாரிகள் உன் வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள். தப்பிக்கத் திட்டமா என்றார்கள், கதைக்காக என்றேன். இரண்டாம் பாகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இருக்கிற வரைபடங்களைக் காட்டினேன். நடுவில் இருந்தவர் பொறுமையாகத்தான் புரட்டினார்.

"சரி. அப்ப இந்தப் படம் இருக்கிற புத்தகம் எங்கே?"

"அது அச்சுல வரலை சார்."

"இல்லாத புத்தகத்துக்குப் படம் மட்டும் எங்கேருந்து வந்தது?"

கணினிக் கோப்பில் இருக்கிறது என்றேன், எடுபடவில்லை. விடுதலை இல்லை. இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் விண்ணப்பிக்கலாம். தாள்களையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டார்கள். தையல்காரரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. கொஞ்ச நாள் எனக்குக் கடிதம் போடாதே. அம்மாவிடம் என்ன சொல்வாயோ, நீயே சொல்லிக்கொள்.

ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

போடாதே என்று நீ சொன்னதற்குப் பிறகும் மூன்று போட்டுவிட்டேன். இது நான்காவது.

அம்மா ஜூன் 2 காலையில் போய்விட்டாள். சிறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன், உன்னிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். விசாரணை தள்ளிப்போயிருக்கிறது என்றே கடைசிவரை அவளிடம் சொல்லிவைத்தேன். ஏப்ரல் 28 காலையில் போர்வையை மடித்துவைத்து நாற்காலிக்குப் போனவள், அப்புறம் கட்டிலில் படுக்கவே இல்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, உனக்குக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டாளாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் போனாள்.

நடந்ததைக் கேட்டு மேலாளர் உனக்காக ஒரே ஒரு பிரதி அச்சடித்துத் தைத்துக் கொடுத்தார். முத்திரையோடு பதிப்பகத்திலிருந்தே அனுப்பினோம். நேற்று திரும்பி வந்தது. வாங்க மறுத்ததாக எழுதி, கீழே உன் கையெழுத்து இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. முடிவு செய்துவிட்டார்கள் என்று மார்ச்சில் எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. அலுவலகத்தில் ஓட்டுப் போட்டது நாங்கள் ஐந்து பேர். அச்சு வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் மேலாளர். இரண்டு பேர் தூக்கினார்கள், இரண்டு பேர் தூக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூக்கினேன். கழிப்பறைக் கதவை மறைக்கிற பெட்டிகள்தான் என் மனதில் இருந்தன. நீ ஞாபகத்துக்கு வரவில்லை, தம்பி. வீட்டுக்குத் திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுதான் வந்தாய்.

புத்தகத்தை உன் கட்டில்மேல் வைத்திருக்கிறேன்.

அக்கா